சேர் வீட்டு மேசையில் நீ சொன்ன ஊர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ சொல்லி அனுப்பிய சாப்பாட்டு மேசை முந்தாநாள் லொறியில் வந்து இறங்கியது. கூடவே ஆறு கதிரைகள். விறாந்தையில் போட்டால் வாசல் கதவு பாதிதான் திறக்கிறது, உள்ளே போட்டால் அலுமாரி இடிக்கிறது. கடைசியில் அலுமாரியை என் அறைக்குள் தள்ளிவிட்டு மேசைக்கு இடம் கொடுத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தர்சினி வீட்டார் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள், கலியாணத்துக்கு முன் வருகிற சம்பந்திகளைப் பாயில் உட்கார வைக்கக் கூடாது என்று நீ நினைத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. தர்சினியின் அப்பா சேருக்கு முழங்கால் மடங்காது என்பதும் தெரியும். அந்த மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சுற்றியிருந்த பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை, கை வைக்கிற இடமெல்லாம் சரசரக்கிறது.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆரம்பித்தும் பார்த்தேன். "அம்மா, எனக்கு வகுப்பு இருக்கு, பிறகு எடுக்கிறன்" என்றாய். பிறகு எடுத்தபோது மேளக்காரரைப் பற்றியும் மண்டபத்தைப் பற்றியும் கதைத்தாய். நான் வாயெடுத்தால் நீ எந்தப் பக்கம் திரும்புவாய் என்று எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. கடிதம் என்றால் நீ திரும்ப வேறு பக்கமில்லை. கலியாணத்துக்கு முன் பெற்றவர்கள் புத்தி சொல்வது வழக்கம்தானே, நானும் சொல்கிறேன் என்று வைத்துக்கொள். நான் சொல்லப்போவது சாப்பாட்டு மேசையில் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி. சிரிக்காதே. பல்கலைக்கழக வளாகத்தில் நூறு பிள்ளைகளுக்கு முன் நின்று விரிவுரை செய்கிற உனக்கு, முன்பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற அம்மா பேசக் கற்றுத் தருவதா என்று கேட்பாய். பேசக் கற்றுத் தர வரவில்லை. அன்று இரவு கிளிநொச்சியில் சேர் வீட்டு மேசையில் நீ பேசியது என் தொண்டையை விட்டு இன்னும் இறங்கவில்லை, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொறாமையில் பேசுகிறேன் என்று நினைப்பாய். அந்த வீட்டுப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புட்டும் மீன்குழம்பும் சொதியும் வைத்து எல்லோரும் உட்கார்ந்ததும் சேர், "சரி பிள்ளையள், இண்டைக்கு என்ன விசயம் எடுப்பம்?" என்று கேட்டார். "முதல்ல அவையைச் சாப்பிட விடுங்கோவன்" என்று அவருடைய மனைவி அலுத்துக்கொண்டார், ஆனால் அவரும் ஒரு காதை இங்கேதான் வைத்திருந்தார். அதிபராய் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், இத்தனை வயதிலும் ஒவ்வோர் இரவும் அப்படி ஒரு விசயத்தை எடுத்து வீட்டாரைப் பேச வைப்பார் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அன்று, வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்கு ஏன் தண்ணீர் போய்ச் சேருவதில்லை என்று தொடங்கினார். குளம் கட்டிய காலத்துக்குப் போனார், அணைக்கட்டின் கணக்குக்குப் போனார், திரும்பி வந்து இன்றைக்குத் தண்ணீர் திறக்கிறவர்களின் சண்டைக்கு வந்தார். நடுவில் தர்சினி, "அப்பா, அது பிழை. மேல இருக்கிறவை மதகைக் கூடுதலாத் திறக்கினம், அதுதான் காரணம்" என்று மறித்தாள். நான் பயந்துபோனேன். சேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், நீ சொல்லுறது சரிபோலத்தான் கிடக்கு" என்று சொல்லிப் புட்டை எடுத்து வாயில் வைத்தார். மகளிடம் தோற்றுப்போய் அப்படிச் சந்தோசமாய்ச் சாப்பிட்ட தகப்பனை நான் பார்த்ததில்லை. என் பிள்ளை நல்ல வீட்டில்தான் போய்ச் சேருகிறான் என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

உங்க அப்பாவை நினைத்தேன். நம் வீட்டிலும் அது இருந்தது, மேசைதான் இல்லை. விசுவமடுவில் தகரம் போட்ட அந்தப் பழைய வீட்டில், வேலை முடிந்து அவர் குளித்துவிட்டு வந்ததும் நாம் மூன்று பேரும் வட்டமாய் உட்காருவோம். நடுவில் பொரித்த கருவாடு. ஒருவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். தெரியாத விசயத்தைத் தெரியாது என்று யார் முதலில் ஒப்புக்கொள்கிறாரோ அவருக்குத்தான் பெரிய துண்டு. உலகத்தில் எந்த வீட்டிலும் இப்படி ஒரு சட்டம் இருந்திருக்காது. இடி ஏன் இடிக்கிறது என்று நான் கேட்டபோது நீ, "மேல லொறி ஓடுது" என்று அடித்துச் சொன்னாய். "நீ பாத்தியா?" என்றார் அப்பா. "இல்ல." "அப்ப தெரியலன்னு சொல்லிட்டுத் துண்ட எடுத்துக்கடா." நீ அழுதாய். லொறிதான், லொறிதான் என்று கடைசி வரைக்கும் நின்றாய். அன்றைக்கு அவர்தான் "எனக்கும் தெரியலப்பா" என்று துண்டை எடுத்து, பாதியைப் பிய்த்து உன் வாயில் வைத்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர். அவருக்குப் பெரிய படிப்பு ஒன்றும் தெரியாது, அவரை நான் உயர்த்திச் சொல்ல வரவில்லை. ஆனால் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்ல வேண்டிய தேவை அந்த வட்டத்தில் யாருக்கும் வந்ததில்லை.

சேர் வீட்டுக்குப் போகிற வழியில் ஓட்டோவில் வைத்து நீ என்னிடம் சொன்னதை ஞாபகப்படுத்துகிறேன். "அம்மா, ஊர் எது எண்டு கேட்டினமெண்டா நான் சொல்லுறன். நீங்க பேசாம இருங்கோ." ஓட்டோக்காரனுக்குக் கேட்கக் கூடாது என்று காதோடு காதாகச் சொன்னாய். நீ சொல்லப்போகிற ஊர்தான் தர்சினிக்கும் தெரியும் என்றும் சொன்னாய். எனக்கு முதலில் விளங்கவில்லை. சேர் கறிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, "உங்கட சொந்த இடம் எது தங்கச்சி?" என்று கேட்டபோதுதான் விளங்கியது. எனக்கு முன்னால் நீ முந்திக்கொண்டாய். "அம்மா ஆக்கள் சுன்னாகம் பக்கம் சேர். சின்னனிலயே இஞ்சால வந்திட்டினம். அப்பாவும் அங்கதான். சொந்தமெண்டு சொல்ல இப்ப ஒருத்தரும் இல்லை, இடம்பெயர்வில எல்லாரும் சிதறிப் போயிட்டினம்." நான் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தைக் கண்ணால் கண்டதில்லை. மாத்தளைப் பக்கத்து மலைத் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருந்த லயத்தில் பிறந்து, இனக்கலவரத்தில் லயம் எரிந்தபோது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு லொறியில் வன்னிக்கு வந்து சேர்ந்தவள் நான். உங்க அப்பாவும் அதே தோட்டம், அதே லொறி.

சேர் வீட்டாரைப் போல யாழ்ப்பாணத்துப் பூர்வீகக்காரர்கள் சம்பந்தம் பேசினால் ஏழு தலைமுறையைக் கிண்டிப் பார்ப்பார்கள் என்பது நாடறிந்த கதை. ஆனால் சேர் கிண்டவில்லை. நீ இடம்பெயர்வு என்று சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டிலும் அந்த யுத்தச் சண்டையில் செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். சனத்தின் காணி உறுதிகள் போய்விட்டன, பிறப்புப் பத்திரங்கள் போய்விட்டன, நம்மைப் பற்றிக் கேட்டுப் பார்க்க ஒரு மாமனோ சித்தப்பனோ மிச்சமில்லை. நம்மை எல்லாவற்றிலிருந்தும் துடைத்து எறிந்த சண்டை இந்தப் பொய்க்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறது. செத்தவர்களின் முதுகில் ஏறி நின்றுகொண்டு நீ அந்தப் பொய்யைச் சொன்னாய் என்று எனக்குத் தோன்றியது. கடுமையாய்ச் சொல்கிறேன்தான். எனக்கு வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட நான் விழுங்கியிருப்பேன். பேச்சு சனத்தைப் பற்றி வந்தது. வன்னியில் முன்பிருந்த ஒழுங்கு எப்போது குலைந்தது என்று சேர் யோசித்து யோசித்துச் சொன்னார். "மலையில இருந்து சனம் இறங்கின காலத்திலதான் எண்டு நான் நினைக்கிறன். நான் அதுகளைக் குறை சொல்லேல்ல. பாவங்கள், படிப்பறிவில்லை. ஆனா காணி பூமியோட பழக்கமில்லாத சனம்." கெட்ட மனிதராய் இருந்தால் குரலை உயர்த்தியிருப்பார். அவர் குளத்தைப் பற்றிப் பேசிய அதே நிதானத்தோடு இதையும் பேசினார். மகள் மறித்தால் இதையும் அவர் திருத்திக்கொண்டிருப்பாரோ என்னவோ, ஆனால் தர்சினிக்கு மறிக்க என்ன தெரியும்? மறிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் அந்த மேசையில் இருந்தாய். நீ சொன்னாய், "ஓம் சேர். அவை நிலத்தைத் தேடி வரேல்ல, கூலியைத் தேடித்தான் வந்தவை. அதால நிலத்தோட ஒரு பிணைப்பு வரேல்ல. என்ர ஆய்விலயும் அதைத்தான் எழுதினனான்." சேர் உன்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் சொதிக் கிண்ணத்தைக் கையில் தூக்கி உன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாய்.

அவை என்றாயே, அவர்கள் யார்? உன் தாத்தா, உன் அப்பா, நான், நீ. காட்டு ஓரத்தில் யாரும் வேண்டாமென்று விட்ட கட்டாந்தரையைக் கொத்தி, கிணறு வெட்டி, பாம்புக்கடியில் தன் தங்கையைப் பறிகொடுத்து, அதே நிலத்தில் கச்சான் கடலையும் உழுந்தும் போட்டு உன்னைப் படிக்க வைத்தார் உங்க அப்பா. அந்த நிலத்தோடு அவருக்குப் பிணைப்பு இல்லையென்று எந்தப் புத்தகத்தில் கண்டாய்? சேரின் தகப்பனும் குடியேறி வந்தவர்தான், அவரே அன்று வாயால் சொன்னார், "எங்கட அப்பா வரேக்க இஞ்ச யானையும் காடும்தான்" என்று. அவர்களுக்கு அரசாங்கம் வாய்க்கால் தண்ணீரோடு வயல் அளந்து கொடுத்தது, நமக்கு யாரும் அளக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். இதை நீ நிதானமாய், படித்தவன் பேசுகிற மாதிரி அந்த மேசையில் எடுத்து வைத்திருந்தால் அதுவல்லவா கற்றவர்கள் கூடியிருந்து பேசுகிற பேச்சு? சாப்பிட்டுக்கொண்டே ஒரு சனத்தை எடுத்து அலசுகிறபோது, அந்தச் சனத்தில் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கறி பரிமாறிக்கொண்டிருக்கக்கூடும். அந்த நினைப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு படிப்பு இருந்தும் எனக்கு அங்கே பசிப்பதில்லை. சேருக்கு அது தெரிய வழியில்லை. உனக்குத் தெரிந்திருந்தது.

எழுந்து கை கழுவப் போகும்போது சேர் உங்க அப்பாவைப் பற்றிக் கேட்டார். சண்டையின் கடைசி மாதங்களில் ஷெல் விழுந்து போனவர் என்று நீ சொன்னாய். அதுவொன்றுதான் அன்று நீ சொன்ன உண்மை. சேர் கண் கலங்கி, "அவர் எங்கட மனிசன். எங்கட மண்ணுக்குள்ள போனவர்" என்றார். அந்த வார்த்தைக்கு நான் அழுதேன். அவர் ஆறுதலில் அழுகிறேன் என்று நினைத்து அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். செத்தபின் எங்கட மனிசன், உயிரோடு இருந்தால் மலையில் இருந்து இறங்கினதுகள். எதை நினைத்து அழுவதென்று தெரியாமல் அழுதேன்.

நீ ஏன் இப்படி ஆனாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து வந்து நீ திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருசம், கூடப் படித்த பையனின் பிறந்தநாளுக்குப் போனாய். எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டு, உன்னை மட்டும் மாமரத்தடியில் உட்கார வைத்துக் கேக்கைக் கையில் கொடுத்தார்கள். அந்த வாரத்திலிருந்து "ஆமா" என்பதை விட்டுவிட்டு "ஓம்" என்று சொல்லத் தொடங்கினாய். "பேசிக்கிட்டு" போய் "கதைச்சுக்கொண்டு" வந்தது. நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன், நானும் பார்த்துப் பார்த்துப் பழகினேன். இன்றைக்குக் கடையிலும் பஸ்ஸிலும் நான் பேசினால் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்த பிள்ளை உள்ளே போய் மேசையில் உட்கார ஆசைப்பட்டால் தாய்க்குக் கோபம் வருமா? உள்ளே போனதும் மரத்தடியைப் பார்த்துக் கல்லெறிகிறாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், இதற்குத்தான் இத்தனை சுற்று. செவ்வாய்க்கிழமை தர்சினி போனில் என்னோடு கதைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சமையலுக்குத் தானும் நேரத்தோடு வந்து உதவட்டுமா என்று கேட்டாள். நல்ல பிள்ளை, குரலிலேயே தெரிகிறது. பிறகு, "மாமி, சுன்னாகத்தில நீங்கள் எவடத்தில இருந்தனீங்கள்? அடுத்த மாதம் அப்பா அந்தப் பக்கம் கோயிலுக்குப் போறார், உங்கட வீட்டு வளவைப் பாத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு வாறன் எண்டு சொல்லுறார். உங்களுக்குச் சந்தோசமா இருக்குமெல்லே" என்றாள். அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருந்தாள். "ஸ்டேசனுக்குக் கிட்ட பிள்ளை" என்றேன். "இப்ப அங்க ஒண்டும் இருக்காது" என்றும் சேர்த்துச் சொன்னேன். யாரும் சொல்லித் தராமலே எனக்கு எவ்வளவு இலகுவாக வந்தது பார்த்தாயா. போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது உன் பொய் மட்டுமில்லை, இப்போது என்னுடையதும்தான். இனி அந்த மனிதர் வெயிலில் சுன்னாகத்து ஒழுங்கைகளில் நம் வளவைத் தேடி நடக்கப்போகிறார், முழங்கால் வலியோடு, நம்மைச் சந்தோசப்படுத்த.

ஆகையால் கேள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தர்சினியிடம் நீ சொல்லிவிடு. தகப்பனுக்கு முன் அவளுக்குத் தெரியவேண்டும், அவள்தான் உன்னோடு வாழப்போகிறவள். தகப்பனையே மறித்துப் பேசுகிற பிள்ளை, உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டாள் என்று நினைக்கிறாயா? தாங்காமலும் போகலாம். கலியாணம் நின்றும் போகலாம். அதை நினைத்தால் எனக்குப் பயம், உன் முகத்தை நினைத்தால் இன்னும் பயம். எனக்கு ஒரே பிள்ளை நீ, உனக்கு ஒரு குடும்பம் வர வேண்டுமென்று எத்தனை கோயிலில் நேர்ந்திருக்கிறேன். ஆனாலும் நான் முடிவெடுத்துவிட்டேன். நீ சொல்லாமல் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாயானால், எல்லோரும் உட்கார்ந்து சோறு போட்டதும் நானே சொல்வேன். சண்டை பிடிக்க மாட்டேன், குத்திப் பேச மாட்டேன், சேர் இன்றைக்கு என்ன விசயம் எடுப்போம் என்று கேட்பாரல்லவா, அப்போது நான் ஒரு விசயம் எடுப்பேன். அது உன் வாயால் வந்தால் உனக்கு மரியாதை. என் வாயால் வந்தால் என் பிள்ளை பொய்யனாய் உட்கார்ந்திருப்பான், அதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உனக்கு அது மறந்துவிட்டதா, மறக்க வைத்துக்கொண்டாயா என்று தெரியவில்லை. உங்க அப்பாவை அந்தக் கடற்கரை மணலில் வைத்தபோது நம்மோடு யாருமில்லை. சாப்பிடுகிற தட்டால் நான் மணலைத் தோண்டினேன், நீ கையால் அள்ளிப் போட்டாய். பக்கத்துப் பதுங்குகுழியிலிருந்து ஒரு பெரியவர் ஊர்ந்து வந்தார், பூநகரிக்காரர். பேர் ஞாபகமில்லை, அவர் பிழைத்தாரா என்றும் தெரியாது. ஒரு தேவாரமாவது பாடி அனுப்புவோம் என்றார். "ஆள் ஆர்? எந்த ஊர்?" என்று கேட்டார். நான் பேரைச் சொன்னேன். ஊரைச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. மேலே ஷெல் கூவிக்கொண்டு போனது, அவர் காதில் கையை வைத்துக்கொண்டு மறுபடியும், "எந்த ஊர்?" என்றார். அப்போது நீ எழுந்து நின்றாய். குனிந்திரு என்று நான் இழுத்தும் குனியவில்லை. "மாத்தளைத் தோட்டம்! பொறவு விசுவமடு!" என்று அந்தச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினாய். உனக்குப் பதினொரு வயது. உன் குரல் நடுங்கவேயில்லை.

அம்மா